பட்டாசு காய்ந்தால் போதுமா? வீடும் காய வேண்டாமா?

ஈரம் என்ன செய்யும் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே ஆரம்பித்தார்கள். அப்புறம் பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. மூன்றும் இங்கே வேர் பிடித்ததற்கு எங்கள் ஊர் வறண்ட வெயில் ஒரு பெரிய காரணம். குச்சி காயணும், காகிதம் காயணும், மருந்து காயணும். நமத்துப்போன வெடி வெடிக்காது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறி விபத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் மேகம் கூடினாலே காயப்போட்ட சரக்கை எல்லாரும் ஓடிப்போய் அள்ளுவார்கள்.

சரக்குக்கு இவ்வளவு கவனம். ஆனால் அதே ஆட்கள் படுத்துத் தூங்கும் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, மூலையில் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தால், "மழைக்காலம்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் பிள்ளைக்கு வீசிங் வரும், பெரியவருக்கு விடியற்காலையில் இருமல் வரும். மருந்து வாங்கிக் கொடுப்போம். சுவரை யாரும் பார்ப்பதில்லை.

இயற்கை விவசாயத்தில் நமக்கு முதலில் சொல்லித்தந்தது என்ன? பயிரில் பூச்சி வந்தால் பூச்சியை மட்டும் பார்க்காதே, மண்ணைப் பார், அது ஏன் வந்தது என்று பார் என்பதுதானே. வீட்டுப் பூசணத்துக்கும் அதே பாடம் பொருந்தும். பூசணம் ஓர் அறிகுறி. நோய்க்கு மூலம் தண்ணீர். தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது, சத்துக் குறைந்த நிலத்தில் திரும்பத் திரும்ப மருந்தடிப்பது மாதிரிதான்.

வறண்ட மாவட்டத்தில் ஓதம் எங்கிருந்து வருகிறது?

விருதுநகர் மாவட்டத்தில் வீட்டு ஓதத்தைப் பற்றிப் பேசினால், "இது என்ன ஊட்டியா, கேரளாவா?" என்று சிரிப்பார்கள். எங்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மி.மீ. மழைதான். ஆனால் அதில் பாதி அளவு ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிடுகிறது. அந்த இரண்டு மூன்று மாதம் சுவர் காய்வதற்கு வெயில் கிடைக்காது. பூசணத்துக்கு இரண்டு மாதம் எல்லாம் தேவையில்லை. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அதில் பூசணம் முளைக்க ஆரம்பித்துவிடும்.

மழை நாளில் பட்டாசு ஆலையில் வேலை இருக்காது, காட்டிலும் வேலை இருக்காது. ஆக, வீடு ரொம்ப ஈரமாக இருக்கும் நாட்களில்தான் நாம் ரொம்ப நேரம் வீட்டுக்குள் இருக்கிறோம். சன்னலையும் சாத்திவிடுகிறோம்.

தண்ணீர் வீட்டுக்குள் வரும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி கூரை. காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த காலம் போய், வெறும் தளத்தோடு நிறுத்திவிடும் வீடுகள் இன்று அதிகம். பழைய தொகுப்பு வீடுகளில் தளத்தில் விரிசல் விட்டு, கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுவதை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் அது எப்படியும் கீழே வழி தேடும்.

இரண்டாவது வழி தரை. எங்கள் பக்கம் கரிசல் மண். மழையில் ஊறி உப்பும், வெயிலில் வெடிக்கும். உப்பும்போதும் சுருங்கும்போதும் அஸ்திவாரம் அசைந்து சுவரில் விரிசல் விழுகிறது. ஊறிய மண்ணில் இருக்கும் தண்ணீரைச் செங்கல்லும் காரையும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுக்கின்றன. கட்டும்போதே அடிமட்டத்தில் ஓதத்தடுப்புப் பூச்சு போடாத வீடுகளில் இடுப்பளவு உயரம் வரை சுவர் பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டும்.

மூன்றாவது வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சமையல் ஆவி, குளியல், உள்ளே காயப்போடும் ஈரத்துணி, நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்த்தால் நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. சன்னல் சாத்திய ஒற்றை அறை வீட்டில் அது எங்கே போகும்? குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும்.

நாலாவது வழி உழவர் வீட்டுக்கே உரியது. விளைச்சலைக் களத்தில் வைத்தால் மழை, கள்ளர், எலி என்று பயந்து வீட்டுக்குள் அடுக்குகிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 சதவீத ஈரத்தோடு 10 குவிண்டால் மக்காச்சோளத்தை உள்ளே வைக்கிறீர்கள். அது 12 சதவீதத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 68 லிட்டர் தண்ணீரை வெளியே விட்டிருக்கும். நாலு குடத்துக்கு மேல் தண்ணீரைப் படுக்கை அறையில் கொட்டியது மாதிரி. அதனால் நெல் 12-13, மக்காச்சோளம் 12, நிலக்கடலைக் காய் 8, மிளகாய் வத்தல் 10 சதவீதம் என்ற அளவுக்குக் காய்ந்த பிறகுதான் மூட்டை வீட்டுக்குள் வர வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த கடலையிலும் சோளத்திலும் வளரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையும் உண்டாக்கும். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதிப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று, கல்லீரல் கெட்டு நூறு பேர் அளவுக்கு இறந்துபோனார்கள். அது தின்பதால் வருவது. நாம் இங்கே பேசுவது மூச்சில் போவதைப் பற்றி.

சிவகாசி வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. வீட்டிலிருந்தபடியே காகிதக் குழாய் சுருட்டுகிறவர்களும் தீப்பெட்டிக்கட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காகிதமும் மாவுப் பசையும் பூசணத்துக்கு விருந்துச் சாப்பாடு. ஈரச் சுவரை ஒட்டி காகிதக் கட்டு அடுக்கியிருந்தால், அதன் பின்பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

பூசணம் உடம்பை என்ன செய்யும்?

பூசண வித்து இல்லாத காற்று கிடையாது. வயல், தோப்பு, தெரு எங்கும் மிதக்கும். அது நமக்குப் பழகிப்போன அளவு. ஓதமடித்த அறையில் அந்த அளவு பல மடங்காகிறது என்பதுதான் சிக்கல். அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூசணங்களின் வித்து 2, 3 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு முடியும் சளியும் தடுக்க முடியாமல் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும்.

வித்தோடு பூசணத் துணுக்குகள், அது விடும் வாயு எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயை அரிக்கும். மக்கிய வாடை என்று சொல்கிறோமே, அது அந்த வாயுதான். ஒவ்வாமை உடம்புள்ளவர்களுக்கு உடம்பின் காவல்படை பூசணத்தை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். அடுத்தமுறை கொஞ்சம் போனாலும் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, இருமல், வீசிங் என்று வரிசையாக வரும். ஈரமான வீட்டில் பூசணம் தனியாகவும் வருவதில்லை. மெத்தை, தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் செல்லுக்கும் ஈரக்காற்றுதான் பிடிக்கும். கரப்பானும் அங்கேதான் கூடும். மூன்றுமே இளைப்பைத் தூண்டுபவை.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரம், பூசணம் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான, பூசணம் பிடித்த கட்டடங்களில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறு, மூச்சுப்பாதைத் தொற்று, ஆஸ்துமா முற்றுதல் ஆகியவை வரும் வாய்ப்பு அதிகம் என்று அது சொல்கிறது. அதற்கு முன்பே 2007-ல் அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், இப்படிப்பட்ட வீடுகளில் மூச்சு, ஆஸ்துமா தொடர்பான தொந்தரவுகள் 30 முதல் 50 சதவீதம் அதிகம் என்று கணக்குக் கொடுத்தார்கள். எந்தப் பூசணம், எத்தனை வித்து என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஈரத்தைத் தடுப்பதுதான் முதல் வேலை என்பதும் அந்த வழிகாட்டியின் சாரம்.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 2021-ல் கொரோனாவுக்குப் பின் வந்த கருப்புப் பூஞ்சை வேறு. அது பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரை, அதிக ஸ்டீராய்டு மருந்து இவற்றால் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களைத் தாக்கியது. சுவரில் கறுப்பாக இருக்கிறதே என்று அந்த நோயை நினைத்து நடுங்க வேண்டாம். அதற்காகச் சுவரை அப்படியே விடவும் வேண்டாம். புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ், உறுப்பு மாற்று சிகிச்சை எடுப்பவர்கள் உள்ள வீட்டில் எந்தப் பூசணமும் இருக்கக்கூடாது.

உழவருக்கென்று ஒரு நுரையீரல் நோய்

1932-ல் இங்கிலாந்தில் கேம்பெல் என்ற மருத்துவர், மழையில் நனைந்து பூசணம் பிடித்த தீவனப் புல்லைக் கையாண்ட உழவர்களுக்கு வந்த மூச்சு நோயை எழுதிவைத்தார். பின்னால் அதற்கு 'உழவர் நுரையீரல்' என்றே பெயர் வந்தது. நனைந்து சூடேறிய வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்களின் தூசிதான் காரணம். தூசியைச் சுவாசித்த 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வரும். ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். அதனால் "சளிக்காய்ச்சல்" என்று நினைத்துக்கொள்வோம். மறுபடி படப்பைப் பிரிப்போம், மறுபடி வரும். வருடக்கணக்கில் இப்படியே போனால் நுரையீரல் தழும்பேறி, பஞ்சு மாதிரி இருந்தது தோல் மாதிரி ஆகிவிடும். அதைத் திருப்ப முடியாது. பூசணம் பிடித்த கரும்புச் சக்கைத் தூசியாலும் இதே வகை நோய் வரும்.

இயற்கை விவசாயிகளான நாம் வைக்கோல், மூடாக்கு, மக்கு உரம் என்று பூசணங்களோடுதான் குடித்தனம் செய்கிறோம். மண்ணில் அவை நமக்குத் தோழர்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேடஸ் என்ற பூசணம் 50 டிகிரி சூட்டையும் தாங்கும், அதனால் மக்கும் குவியலில் நன்றாக வளரும். காய்ந்த குவியலைப் புரட்டும்போது புகை மாதிரி எழும்புவதில் அதன் வித்தும் இருக்கும். ஆகவே தண்ணீர் தெளித்துவிட்டுப் புரட்டுங்கள், காற்று வரும் பக்கம் நின்று புரட்டுங்கள், என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். டிரைக்கோடெர்மா பொடியைக் கலக்கும்போதும் முகக்கவசம் நல்லது. வைக்கோலையும் உர மூட்டையையும் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வீசிங் உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே சரி.

இதே பூசணத்தைப் பற்றி நம் இயக்கத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்று. டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனை மருந்துக்குக் கட்டுப்படாத ஃபூமிகேடஸ் பூசணத்தை இந்திய மண்ணிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். டெபுகொனசோல், புரொப்பிகொனசோல் போல வயலில் அடிக்கும் பூசணக்கொல்லிகளும், நோயாளிக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், வோரிகொனசோல் மருந்துகளும் ஒரே குடும்பம். வயலில் அடித்து அடித்துப் பழகிய பூசணம் நுரையீரலுக்குள் போனால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் இது முதல் வரிசையில் இருக்கிறது. ரசாயனப் பூசணக்கொல்லியைத் தவிர்க்கும் நாம் நம் பயிரோடு சேர்த்து இதற்கும் ஏதோ கொஞ்சம் நல்லது செய்கிறோம்.

ஏர்கூலரையும் கவனியுங்கள்

எங்கள் மாதிரி வறண்ட, வெயில் ஊர்களில் ஏ.சி.யை விட ஏர்கூலர்தான் மலிவு, குளிர்ச்சியும் நன்றாக இருக்கும். ஆனால் அது வேலை செய்வதே ஈரத்தால்தான். இந்தியாவில் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து, நுரையீரல் தழும்பேறும் நோய் கண்ட 1,084 பேரைப் பதிவு செய்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இருந்தது, உழவர் நுரையீரல் சேர்ந்த அதே ஒவ்வாமை வகை. அந்த வகையினரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலர்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் அதைக் கழுவ வேண்டும் என்று சொல்ல இது போதும்.

மாசியில் கூலரை எடுக்கும்போது பழைய புல் பேடை மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். காலையில் நிறுத்துவதற்கு முன் தண்ணீர் மோட்டாரை அணைத்து, பேடு காயும்வரை விசிறியை மட்டும் ஓட விடுங்கள். சன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கூலர் வேண்டவே வேண்டாம்.

எல்லா இருமலும் பூசணமல்ல, எல்லா இருமலும் காசமும் அல்ல

பட்டாசு வட்டாரத்தில் இருமலுக்குக் காரணம் பல. மருந்துத் தூசி, கந்தக நெடி, விறகடுப்புப் புகை, பீடி, காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். இதில் தாமதமே கூடாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு நுரையீரலிலேயே அஸ்பெர்ஜில்லஸ் குடியேறி ஒவ்வாமை உண்டாக்கும். 1952-ல் இங்கிலாந்தில் முதலில் அடையாளம் கண்ட நோய் இது. பழுப்பு நிறத்தில் கட்டிச் சளி வரும், எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். நம் நாட்டில் இதைக் காசம் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. சளியில் கிருமி இல்லை, காசமருந்து சாப்பிட்டும் இருமலும் வீசிங்கும் நிற்கவில்லை என்றால், "அஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமை இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவும் தோலில் ஒவ்வாமைச் சோதனையும் பார்த்துச் சொல்வார்கள். மதுரை வரை போக முடியாதவர்களுக்கு 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் காசமருந்தை மட்டும் யாரும் தானாக நிறுத்தக்கூடாது.

டாக்டரிடம் போகும்போது ஒரு சின்ன நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். தொந்தரவு எந்த மாதம் அதிகம்? ராத்திரியா, விடியலிலா? வெளியூர் போனால் குறைகிறதா? என் பக்கத்துத் தோட்டக்காரர் பேத்திக்கு ஒவ்வொரு கார்த்திகையிலும் வீசிங் வரும். அத்தை வீட்டுக்குப் போனால் நாலு நாளில் சரியாகிவிடும். ஊருக்கு வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். அந்தப் பிள்ளையின் கட்டில் கிடந்தது குளியலறைச் சுவரை ஒட்டி. சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. குழாயை மாற்றி, காரையைக் கொத்திக் காயவிட்டு, கட்டிலை எதிர்ப்பக்கம் போட்டார்கள். இன்ஹேலரும் டாக்டர் சொன்னபடி தொடர்ந்தார்கள். அடுத்த மழைக்காலம் பள்ளிக்கு விடுப்பு எடுக்காமல் போனது பிள்ளை. இன்ஹேலர் பழகிவிடும், அடிமையாக்கிவிடும் என்று பயப்படுபவர்கள் நம்மில் நிறைய. அப்படியெல்லாம் இல்லை. மாத்திரையை விட மிகக் குறைந்த மருந்து, நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

"பெயிண்ட் அடிச்சுக்கோங்க"

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஆவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். வீட்டுச் சுவரெல்லாம் பூசணம். 2017-லேயே அவன் அப்பா வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பிடம் புகார் செய்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பூசணத்தை நீண்டநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான மூச்சு நோய்தான் சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், சமூக வாடகை வீடுகளில் மோசமான ஓதம், பூசணம் பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

நம் ஊர்க் காம்பவுண்டு வீடுகளிலும் தொகுப்பு வீடுகளிலும் யார் யாரிடம் புகார் சொல்வது? வீட்டுக்காரர் பொங்கலுக்கு டிஸ்டம்பர் அடித்துத் தருவார், ஆடி மாதம் வரை நன்றாக இருக்கும். ஐப்பசியில் பழைய இடத்திலேயே கறுப்பு எட்டிப்பார்க்கும்.

வங்கியில் இருந்த காலத்தில் பொருளீட்டுக் கடனுக்காகக் குடோன் பார்க்கப் போவேன். மூட்டையைத் தரையில் வைக்கக்கூடாது, மரச்சட்டம் போட்டு அதன்மேல்தான் அடுக்க வேண்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்க வேண்டும். கூரை ஒழுகக்கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் கடன் கிடையாது. மிளகாய் வத்தலுக்கும் உளுந்துக்கும் நாம் வைத்த நிபந்தனை அது. ஈரச் சுவரில் முதுகு படப் பாயில் படுக்கும் பிள்ளைக்கு இந்த நிபந்தனையை யார் போடுவது? நாம்தான் போட வேண்டும்.

தண்ணீரின் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சுவரைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

• தரையிலிருந்து இடுப்பளவு வரை மட்டும் ஈரம், மேலே ஒரு கோடு, உப்புப் பூப்பு என்றால் தண்ணீர் மண்ணிலிருந்து ஏறுகிறது.
• மேற்கூரையில் வட்டமாகப் பழுப்புக் கறை என்றால் தளத்தில் ஒழுகல்.
• சன்னல் ஓரம் மட்டும் ஈரம் என்றால் சாரல், அல்லது விரிசல்.
• குளியலறைக்குப் பின்சுவரில் வருடம் முழுக்க ஈரம் என்றால் குழாய்க் கசிவு.
• பீரோவுக்குப் பின்னாலும் மேல் மூலைகளிலும் மட்டும் கறுப்புப் புள்ளி என்றால் அறையின் ஆவி குளிர்ந்து படிகிறது.

சந்தேகமாக இருந்தால், ஒரு முழம் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் காரணம் வீட்டுக்காற்று.

சரிசெய்வது

மண்ணிலிருந்து ஏறினால்: சுவரைச் சுற்றி நிலத்தை வெளிப்பக்கமாகச் சரிவு செய்யுங்கள். சுவரை ஒட்டி எருக்குழி, வாழைப்பாத்தி, சாக்கடை வாய்க்கால் வேண்டாம். குளியல் தண்ணீரில் வாழை வளர்ப்பது நல்ல காரியம்தான், சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வளர்க்கலாம். பொரிந்த காரையை முழுக்க உதிர்த்து, வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மறுபூச்சு.

கூரையில் ஒழுகினால்: மழைக்கு முன்பே தளத்தைக் கூட்டி, தண்ணீர் போகும் குழாய் வாயில் அடைத்த இலை தழையை எடுங்கள். விரிசலை அடையுங்கள், முடிந்தால் தட்டோடு பதியுங்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டிகளை இரும்புச் சட்டத்தின் மேல் தூக்கி வையுங்கள். பையை நேராகத் தளத்தில் வைத்தால் அதனடி எப்போதும் ஈரம்தான்.

வீட்டுக்காற்று காரணம் என்றால்: எதிரெதிர்ச் சன்னல்களை மழை விட்ட மதிய நேரத்தில் ஒரு மணி நேரமாவது திறங்கள். சமைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். ஈரத்துணி திண்ணையில் காயட்டும். பீரோ, கட்டில், மூட்டை எதுவும் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி இருக்கட்டும்.

பூசணத்தைத் துடைக்க: தண்ணீர் வழியை அடைத்த பிறகுதான் இந்த வேலை. வறண்ட துடைப்பத்தால் தேய்த்தால் வித்து அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட வேண்டும். முகக்கவசமும் கையுறையும் அவசியம். பிள்ளைகளும் வீசிங் உள்ளவர்களும் அன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சுவாயு வரும். பூசணம் ஊறிய மெத்தை, தலையணை, சாக்கு, காகிதக் கட்டு இவற்றைக் காப்பாற்ற முயலாமல் தூக்கிப் போடுங்கள்.

நம் பழக்கங்களில் எது உதவும், எது உதவாது?

சுண்ணாம்பு உதவும். நீற்றிய சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் பெயிண்ட் பிளாஸ்டிக் தாள் போர்த்தியது மாதிரி, உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறை வைத்துவிடும். மழை முடிந்து, போகிக்குச் சாமானை எல்லாம் வெளியே எடுத்து, வீட்டுக்கு வெள்ளையடித்தார்களே நம் பெரியவர்கள், காலம் பார்த்துச் செய்த வேலை அது. அடிக்கும்போது கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாணம் மெழுகுவது வெயில் நாளில் சரி. அடைமழையில் மெழுகினால் தரை காயாமல் ஈரம்தான் கூடும். சாம்பிராணி, நொச்சிப் புகை வாடையை மறைக்கும், கொசுவை விரட்டும். சுவருக்குள் இருக்கும் பூசணத்தை ஒன்றும் செய்யாது. வீசிங் உள்ளவர்களுக்கு எந்தப் புகையும் ஆகாது. இயற்கையானது என்பதால் எல்லாம் மூச்சுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாதக் கணக்கு

ஆவணி, புரட்டாசி: தளம், குழாய், விரிசல், சுவரைச் சுற்றிய சரிவு பார்ப்பது.
ஐப்பசி முதல் மார்கழி: காற்றோட்டம், கட்டில் நகர்த்துவது, அறையில் மக்கிய வாடை வருகிறதா என்று கவனிப்பது. நனைந்த எதையும் இரண்டு நாளுக்குள் காயவைப்பது.
தை: சாமானை வெளியே எடுத்து வெயில் காட்டி, சுண்ணாம்பு அடிப்பது.
மாசி: அறுவடையைச் சரியான ஈரப்பதத்துக்குக் காயவைத்து மரச்சட்டத்தில் அடுக்குவது. கூலரைக் கழுவுவது.
சித்திரை, வைகாசி: பொரிந்த சுவரைக் கொத்திக் காயவிட்டு மறுபூச்சு.

இதில் பாதி வேலைக்குக் காசு தேவையில்லை. இன்று ராத்திரி படுப்பதற்கு முன் கட்டிலை ஒரு முழம் முன்னால் இழுத்து, அதன் பின்னால் இருக்கும் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், மக்கிய வாடை வந்தால், நாளைக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பியுங்கள்.